நெருப்பு இல்லாத எரிமலைகள்

இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றே ஒன்றுதான். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கி.மீ. தொலைவில், அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவு. அங்கே ஊர் இல்லை, கோயில் இல்லை, வாக்குச்சாவடி இல்லை. ஆனால் நம் மக்கள் பேச்சில் எரிமலைகளுக்குக் குறைவே இல்லை. கூம்பு வடிவத்தில் தனித்து நிற்கும் எந்த மலையைக் காட்டினாலும், "ஒரு காலத்தில் இது எரிமலையாக இருந்ததாம்" என்று சொல்ல ஒருவர் கிடைத்துவிடுவார்.

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவது என் பிழைப்பு. அகராதியைப் புரட்ட வைக்கும் சொற்கள் ஆயிரம் உண்டு; 'எரிமலை' அதில் சேராது. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு மட்டும் அந்தச் சொல் கொஞ்சம் இடறும். அது வினைத்தொகை. எரிந்த மலை, எரிகின்ற மலை, எரியும் மலை என்று முக்காலத்துக்கும் விரியும். அணைந்தது, விழித்திருப்பது, உறங்குவது என்று புவியியலாளர்கள் மூன்று பெட்டிகளில் பிரித்து வைப்பதைத் தமிழ் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டது. இலக்கண வகுப்பில் இது அழகு. செய்தி மேஜையில் அப்படியில்லை. படிப்பவருக்கு வேண்டியது ஒரே தகவல்: இப்போது எரிகிறதா, இல்லையா?

திருக்கார்த்திகை நெருங்கினால் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். திருவண்ணாமலை அணைந்துபோன எரிமலைதானே? கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அடியும் முடியும் காண முடியாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்ற இடம் அது. கிருத யுகத்தில் நெருப்பு மலை, திரேதா யுகத்தில் மாணிக்க மலை, துவாபர யுகத்தில் பொன் மலை, கலியுகத்தில் கல் மலை என்று தலபுராணம் சொல்கிறது. நெருப்பாக இருந்தது குளிர்ந்து கல்லானது என்று கேட்டதும் பள்ளியில் படித்த எரிமலைப் பாடம் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் வட தமிழகத்தின் அடிப்படைப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. பூமியின் வெகு ஆழத்தில் உருவாகி, மேலே மூடியிருந்தவை எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேய்ந்து கரைந்த பிறகு வெளியே தலைகாட்டியவை. வாய் திறந்து குழம்பைக் கக்கிய மலையின் அடையாளம் எதுவும் அங்கே இல்லை. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை. புராணத்தின் நெருப்புக்குப் புவியியலின் சான்றிதழ் எதற்கு?

மகாராஷ்டிராவின் புல்டாணா மாவட்டத்தில் இருக்கும் லோணார் ஏரியின் கதை இதைவிட ருசியானது. சுமார் 1.8 கி.மீ. விட்டத்தில் வட்டமான ஒரு பள்ளம், அடியில் உப்பு ஏரி. சுற்றிலும் கரும்பாறை, அதுவும் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. பார்த்தவர்கள் எரிமலை வாய் என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை. புவியியலாளர்களிலேயே பலர் வெகு காலம் அப்படித்தான் நினைத்தார்கள். அது வானிலிருந்து விழுந்த விண்கல் தோண்டிய குழி என்பது 1970களில்தான் உறுதியானது. பெரும் மோதலின் அதிர்ச்சியில் மட்டுமே உண்டாகும் கண்ணாடி போன்ற கனிமத்தை அங்கே கண்டுபிடித்தார்கள். உள்ளூர்க் கதையோ இந்தச் சர்ச்சையில் தலையிடவே இல்லை. லவணாசுரன் என்ற அசுரன் அங்கே ஒளிந்திருந்தான், விஷ்ணு அவனை வதம் செய்தார், அவ்வளவுதான். லவணம் என்றால் உப்பு. ஏரியின் உப்பைக் கதை சரியாகவே கவனித்திருக்கிறது.

நம் வீட்டு வாசலிலேயே ஒரு எரிமலை புறப்பட்டதும் உண்டு. 1990களின் கடைசியில் திருநெல்வேலி அபிஷேகப்பட்டி பக்கம் தரையில் பாறை உருகிக் குழம்பாக வெளிவந்தது என்று பரபரப்பு கிளம்பியது. பக்கத்தில் மின்கம்பம் இருந்தது. உயர் அழுத்த மின்சாரம் தரைக்குள் பாய்ந்து பாறையை உருக்கியிருக்கிறது என்று விளக்கம் தரப்பட்டது. எரிமலை போய் மின்கசிவு வந்தது. ஊர்க்காரர்களுக்கு எது அதிக ஆபத்து என்று கேட்டால் நான் மின்கசிவு என்றுதான் சொல்வேன்.

இப்படி இல்லாத இடத்தில் எல்லாம் எரிமலை முளைத்துக்கொண்டிருக்க, இருக்கும் ஒன்றைப் பற்றிக் கதையே கிடையாது. கதை சொல்ல அங்கே ஆள் வேண்டுமே!

பாரன் தீவை நான் பார்த்தது 2019 பிப்ரவரியில். 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹாவ்லாக்கிலிருந்து டைவிங்காரர்களின் படகில், இருட்டோடு கிளம்பினோம். சுமார் 100 கி.மீ. தூரம். படகோட்டி பரம்பரை மீனவர். போர்ட் பிளேரில் பிறந்த தமிழர். அவருடைய தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். "அக்கா, பயப்படாதீங்க, அது சாது" என்றார். எரிமலையைச் சாது என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

விடிந்து வெகு நேரம் கழித்துத் தீவு தெரிந்தது. முதலில் ஏமாற்றம்தான். சினிமாவில் பார்த்த செந்நெருப்பு இல்லை. உச்சியில் மெல்லிய வெண்புகை, சமையற்கட்டுக் கூரையிலிருந்து கசிவது போல. ஆனால் படகு மேற்குப் பக்கமாகச் சுற்றியபோது பேச்சு நின்றுவிட்டது. தீவு உண்மையில் ஒரு பெரிய உடைந்த கிண்ணம். சுமார் 2 கி.மீ. அகலமுள்ள வட்டச் சுவர். உள்ளே நடுவில் ஒரு கரிய கூம்பு. மேற்கே சுவர் இடிந்து வழி விட்டிருக்கிறது. கூம்பிலிருந்து இறங்கிய குழம்பு அந்த வழியாகத்தான் கடலுக்கு வந்திருக்கிறது. உறைந்த குழம்பு என்றதும் வழவழப்பான பாறையைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். அங்கே இருந்ததோ கொல்லன் உலைக்குப் பின்னால் கொட்டிய கிட்டம் போல, கரடுமுரடாக, கறுப்பாக, மேலும் மேலும் குவிந்த கட்டிகள். சுவரின் வெளிப்புறத்தில் சில பக்கங்களில் பசுமையான காடு. பெயரில் இருக்கும் 'பாரன்' என்பதற்குத் தரிசு, மலடு என்று பொருள். கண் முன்னால் காடு நின்றது. இறங்க அனுமதி இல்லை. 1987 முதல் அது வனவிலங்குச் சரணாலயம்.

கண்ணுக்குத் தெரியும் உயரம் சுமார் 350 மீட்டர்தான். நம் ஊர்க் குன்றுகளுக்கு அது பெரிய உயரமில்லை. ஆனால் அந்த மலையின் அடிவாரம் கடலுக்கு அடியில் 2,000 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நாங்கள் சுற்றிவந்தது ஒரு பெரிய மலையின் நுனியை மட்டும்.

அது ஏன் எரிகிறது என்பதைப் படகில் ஒருவருக்கு விளக்க நேர்ந்தது. இந்தியா அமர்ந்திருக்கும் நிலத்தட்டு, அந்தமானுக்கு மேற்கே, பர்மாத் தட்டு எனப்படும் சிறு தட்டின் அடியில் மெதுவாக நுழைந்துகொண்டிருக்கிறது. நுழையும் தட்டு கடலடியில் ஊறிக் கிடந்த தட்டு. தன் பாறைகளுக்குள் நீரையும் சேர்த்துக் கொண்டு போகிறது. ஆழத்தின் அழுத்தத்தில் அந்த நீர் பிழியப்பட்டு மேலே இருக்கும் சூடான பாறைக்குள் ஏறுகிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். உப்புத் தூவிய ஐஸ் சீக்கிரம் உருகுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உருகியது இலேசாகி மேலே வருகிறது. ஆக, பாரன் தீவின் அடுப்பை மூட்டிவிடுவது நீர்தான்.

இதைச் சொல்லி முடித்ததும் எனக்கு வடவைத் தீ நினைவுக்கு வந்தது. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வரும் ஔர்வ முனிவரின் கதை. தன் குலமான பிருகு வம்சத்தாரை க்ஷத்திரியர்கள் கருவோடு அழித்ததைக் கண்டு, உலகத்தையே எரிக்கும் கோபம் கொள்கிறார் ஔர்வர். இறந்துபோன முன்னோர்கள் தோன்றி வேண்டாம் என்று தடுக்கிறார்கள். எழுந்த கோபத்தை விழுங்கவும் முடியாது, உலகின்மீது விடவும் முடியாது. கடைசியில் அதைக் கடலில் இறக்குகிறார். அங்கே அது குதிரை முகம் கொண்ட நெருப்பாகி, கடல் நீரைக் குடித்தபடி இருக்கிறது. எத்தனை ஆறு கலந்தாலும் கடல் கரை புரளாததற்கு அதுவே காரணம். ஊழிக் காலத்தில் அது வெளியே வரும். தமிழில் வடவைத் தீ, வடவாமுகாக்கினி என்று புலவர்கள் இதை எடுத்து ஆண்டிருக்கிறார்கள்.

கடலுக்கு அடியில் நெருப்பு, அதற்கு உணவு கடல் நீர். பொருத்தம் பிரமாதமாக இருக்கிறது. "முன்னோர்கள் அன்றே அறிந்தார்கள்" என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். வாட்ஸ்அப்பில் நன்றாக ஓடும். நான் எழுத மாட்டேன். தட்டு நுழைவதையும் பாறை உருகுவதையும் அறிந்து சொன்ன கதை அல்ல அது. கோபத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஒருவர் சொன்ன பதில். அதைப் பாறையியலாகக் குறுக்கினால் கதைக்கும் நஷ்டம், பாறையியலுக்கும் நஷ்டம்.

பாரன் தீவின் எழுதப்பட்ட வரலாறு 1787இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அது புகைந்ததைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியான கோல்புரூக் பதிவு செய்தார். 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர், அதாவது போர்ட் பிளேருக்குத் தன் பெயரைக் கொடுத்தவர், அருகே போய்ப் பார்த்தார். மூன்று நான்கு டன் எடையுள்ள பழுத்த கற்களை அது வீசியெறிந்ததாக எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அடங்கியது. 1885இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் மாலட் இந்தத் தீவையும் நார்கொண்டம் தீவையும் பற்றி விரிவாக எழுதியபோது அது உறங்கிக்கொண்டிருந்தது. 1891இல் ஒரு நீராவிக் கப்பல் அங்கே ஆடுகளை இறக்கிவிட்டுப் போனது. ஒரு நூறாண்டு ஆடுகளுக்கே தீவு சொந்தம். அவை கடல் நீரைக் குடித்து உயிர் வாழ்கின்றன என்று முதலில் எழுதினார்கள். பிறகு நன்னீர் ஊற்றுகள் இருப்பதும் தெரிய வந்தது.

1991 மார்ச்சில் அது விழித்துக்கொண்டது. சுமார் ஆறு மாதம் கக்கியது. 1994, 1995இல் மறுபடியும். 1993இல் அங்கே அமைத்த கலங்கரை விளக்கமும் பின்னால் வந்த வெடிப்புகளுக்குத் தப்பவில்லை. 2005இல் தொடங்கியது ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2017 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவன விஞ்ஞானிகள், 'சிந்து சங்கல்ப்' கப்பலில் கடலடி மண் எடுக்கப் போன இடத்தில், அது சாம்பலைத் துப்புவதைக் கண்ணால் பார்த்தார்கள். ஆபத்து யாருக்கு? நிலத்தில் இருப்பவர்களுக்குப் பெரிதாக இல்லை. வானத்தில் போகிறவர்களுக்குத்தான். ஜெட் என்ஜினுக்குள் போகும் எரிமலைச் சாம்பல் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். அதனால் பாரன் தீவு புகைந்தால் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இருக்கும் சாம்பல் எச்சரிக்கை மையம் விமானங்களுக்குத் தகவல் அனுப்புகிறது.

இதற்கு வடக்கே சுமார் 135 கி.மீ. தள்ளி இருக்கிறது நார்கொண்டம். 710 மீட்டர் உயரம், அடர்ந்த காடு, நீண்ட காலமாக உறங்கும் எரிமலை. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு வகை இருவாச்சிப் பறவை அங்கே மட்டும் வாழ்கிறது. என் தொழிலுக்கு நெருக்கமான செய்தி அதன் பெயரில் இருக்கிறது. அந்தச் சொல் 'நரக குண்டம்' என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று ஹென்றி யூல் கருதினார். ஆனால் நெருப்புக் கக்காத, பச்சைப் பசேல் என்ற தீவுக்கு நரகத்தின் பெயர் ஏன்? அது பாரன் தீவுக்கு மாலுமிகள் வைத்த பெயராக இருந்து, கடல் வரைபடத்தில் இடம் மாறிப் பக்கத்துத் தீவில் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது அவர் ஊகம். ஊகம் சரியென்றால், நம் எரிமலைக்கு ஒரு பெயர் இருந்து, அதையும் யாரோ எழுத்தர் வேறு இடத்தில் எழுதிவிட்டார். குண்டம் என்ற சொல் தமிழருக்கு அந்நியமா என்ன? பண்ணாரியில் இறங்குவது குண்டம்தான்.

இதே நெருப்பு வரிசை வடக்கே பர்மாவுக்குள் நுழைந்து போப்பா மலையாக எழுகிறது. அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், ஆகவே கதையும் இருக்கிறது. ஒரு கொல்லனின் பலத்துக்கு அஞ்சி அரசன் அவனை மரத்தில் கட்டி எரித்தான். தங்கை அதே தீயில் பாய்ந்தாள். இருவரும் 'நாட்' என்னும் தெய்வங்களாகிப் போப்பாவில் குடியேறினார்கள். தீப்பாய்ந்த அம்மனைக் கும்பிடும் ஊர்க்காரர்களுக்கு இது புதுக் கதையாகத் தோன்றாது. தெற்கே அதே வரிசை சுமத்ராவுக்குப் போகிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே தோபா வெடித்தபோது எழுந்த சாம்பல் ஆந்திரத்தின் பழைய கர்னூல் மாவட்டம் வரை வந்து விழுந்தது. ஜ்வாலாபுரம் என்ற ஊரில் அது இன்றும் மீட்டர் கணக்கில் படிந்து கிடக்கிறது; பாத்திரம் துலக்கும் பொடிக்காக அதை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் மனிதர்களின் கல் ஆயுதங்கள் கிடைத்திருக்கின்றன. ஊரின் பெயரில் ஜ்வாலை இருப்பதை வைத்துக் கதை கட்ட வேண்டாம். 1883 ஆகஸ்டில் கிரகதோவா வெடித்தபோதும் நமக்கு வந்தது நெருப்பல்ல. செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. வானாய்வாளர்கள் அதைக் குறித்து வைத்தார்கள்.

2004 டிசம்பருக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 26ஆம் தேதி நிலநடுக்கமும் வந்தது, கடலும் வந்தது. 8.9 ரிக்டர் என்று எல்லோரும் எழுதினோம். பாரன் தீவுக்கு அடுப்பு மூட்டும் அதே தட்டு நுழைவுதான் சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளந்துகொண்டது. வட அந்தமானில் கரை மேலே எழுந்தது. நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கலங்கரை விளக்கத்தின் காலடி கடலுக்குள் போனது. 'சுனாமி' என்ற சொல்லைப் பெரும்பாலான வாசகர்கள் அந்த வாரத்தில்தான் முதலில் கேட்டார்கள். எரிமலை என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். எரிமலையைப் பார்த்தவர் இல்லை. கடல் என்ன செய்யும் என்று நாகப்பட்டினம் பார்த்துவிட்டது. அதற்குத்தான் சொல் இல்லாமல் இருந்தது.

சில நாளில் அந்தமானிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. பாரதாங் தீவில் சேற்று எரிமலை பொங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் அப்படித்தான் பெயர். தமிழிலும் அப்படியே வந்துவிட்டது. அதில் எரிவதும் இல்லை, அது மலையும் இல்லை. ஆழத்தில் அழுத்தப்பட்ட வாயுவும் நீரும் களிமண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகின்றன. சேறு கொப்பளித்து, காய்ந்து, சிறு மேடாகிறது. உள்ளூரில் அதற்கு 'ஜல்கி' என்று பெயர். நான் 'சேற்றுக் கொப்பளிப்பு' என்று எழுதி, இது நெருப்புக் கக்கும் எரிமலை அல்ல என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் தலைப்புப் போடுகிற மூத்தவர், கொப்பளிப்பு என்றால் யாருக்குப் புரியும் என்றார். சேற்று எரிமலை என்றாக்கினார். ஒரு வரித் தலைப்பில் இடம் போதவில்லை. சேறு போயிற்று. 'அந்தமானில் எரிமலை வெடித்தது' என்று அச்சாயிற்று. என் விளக்க வரி கடைசிப் பத்தியில் இருந்தது; பக்கத்தில் இடமில்லாமல் அதுவும் வெட்டுப்பட்டது.

மறுநாள் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பெரியவரின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ராமநாதபுரம் பக்கம் ஏதோ கிராமத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினார். மகளைப் போர்ட் பிளேரில் கட்டிக் கொடுத்திருந்தார். மருமகன் கொத்தனார். தண்ணீர் வந்த அன்று உயிரோடு இருப்பதாக ஒரு தகவல் வந்ததோடு சரி. அப்புறம் லைன் கிடைக்கவில்லை.

"ஏம்மா, பேப்பர்ல வேலை பார்க்குற பொண்ணாம்மா நீ? தண்ணிக்குத் தப்புன புள்ளைய நெருப்பு பிடிச்சுக்கிட்டா நான் என்னம்மா செய்வேன்?"

"ஐயா, அது நெருப்பு இல்லைங்கய்யா. வெறும் சேறு. சூடுகூட இருக்காது. போர்ட் பிளேருக்கு வடக்கே ரொம்பத் தூரம், வேற தீவு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மீட்டர் ஓடும் ஒலி கேட்டது.

"சேறுன்னா சேறுன்னு போட வேண்டியதுதானம்மா" என்றார். "நேத்து ராத்திரியிலேருந்து இவ அம்மா சோறு திங்கலை."

வைத்துவிட்டார். மகளிடம் பேச முடிந்ததா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்குமுன் லைன் போய்விட்டது.

அந்த வாரம் பீதிக்கு எங்கள் தலைப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. டிசம்பர் 30 அன்று இன்னொரு பேரலை வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. தமிழகக் கடற்கரை முழுக்க மக்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். அலை வரவில்லை. ஆபத்து 'வரலாம்' என்பதற்கும் 'வருகிறது' என்பதற்கும் நடுவே ஒரு கிரியாவிகுதிதான் வித்தியாசம். ஓடுகிற கூட்டத்தில் மூச்சு வாங்கும் கிழவிக்கு அந்த விகுதி உயிர். பாரன் தீவு நிஜமாகவே எரிந்தது பல மாதம் கழித்து, 2005 மே மாதக் கடைசியில். அதற்குள் எங்கள் வாசகர்களுக்கு எரிமலை பழைய செய்தியாகிவிட்டது. உள்பக்கத்தில் நாலு வரி வந்தது.

2019 பயணத்தில் பாரதாங்குக்கும் போனேன். போகும் பாதை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டை ஊடுருவுகிறது. குறித்த நேரங்களில் மட்டும், போலீஸ் காவலோடு, வண்டிகள் சரமாக விடப்படுகின்றன. அந்தச் சாலையின் அப்பகுதிகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது, வண்டிகள் நிற்கவில்லை. காட்டின் நடுவே போகும்போது ஜன்னலோரக்காரர்கள் எல்லோரும் தலையை வெளியே நீட்டித் தேடினார்கள். எதைத் தேடினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வரிசையில் நானும் ஒரு வண்டியில் இருந்தேன்.

சேற்று எரிமலை என்று பலகை வைத்திருந்த இடத்தில், வேலிக்குள், சாம்பல் நிறக் களிமண் மேடுகள். நடுவில் உள்ளங்கை அகலக் குழியில் சேறு ஒரு குமிழி விட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் சிறுவன், "அப்பா, நெருப்பு எங்கப்பா?" என்று கேட்டான். அப்பா ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் வானத்தைப் பார்த்தார். "இதுக்கா காலையில மூணு மணிக்கு எழுப்புனீங்க?" என்று அம்மா அப்பாவைக் கேட்டார். பலகையில் 'சேற்றுக் குமிழி' என்று எழுதியிருந்தால் அந்தக் காட்டுச் சாலையில் எத்தனை வண்டி குறைந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். சுண்ணாம்புக் குகையும் அங்கே இருக்கிறது. எனவே நிறையக் குறைந்திருக்காது. கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

பாரன் தீவு 2025 செப்டம்பரில் மறுபடி செய்திக்கு வந்தது. 13ஆம் தேதியும் 20ஆம் தேதியும் சிறு வெடிப்புகள். கடற்படைக் கப்பலிலிருந்து எடுத்த வீடியோ எல்லாக் கைபேசிகளிலும் சுற்றியது. இரண்டுக்கும் நடுவில், 18ஆம் தேதி, அந்தப் பகுதியில் 4.2 அளவில் ஒரு நிலநடுக்கம். நிலநடுக்கம் என்ற சொல்லும் எரிமலை என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்தால் கடற்கரை ஊர்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆங்கிலச் செய்தி என் மேஜைக்கு வந்தபோது, அதில் மூன்றாவது பத்தியில் இருந்ததை முதல் வாக்கியத்துக்குக் கொண்டு வந்தேன்: மக்கள் யாரும் வசிக்காத பாரன் தீவில் எரிமலை சிறிய அளவில் இரண்டு முறை வெடித்தது; போர்ட் பிளேர் என்று முன்பு அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரம் அங்கிருந்து சுமார் 135 கி.மீ. தொலைவில் இருக்கிறது. தலைப்பிலும் 'ஆளில்லாத் தீவில்' என்று சேர்த்தேன். இரண்டு சொல் நீளம் அதிகமாயிற்று. பக்கம் வடிவமைக்கும் தம்பி எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.